விளக்கு மூன்று முறை மங்கினால்

வேலந்தாவளத்துக்கு அருகில், தமிழும் மலையாளமும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்கும் சிற்றூர் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. மின்கட்டண ரசீது மலையாளத்தில் வரும். தொகையைப் பார்த்துவிட்டு அதைத் தமிழில் திட்டுவோம். ஆனி மாதம் பிறந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால், கூடத்து விளக்கு ஒரு கணம் மங்கித் திரும்புவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. முதல் முறை மங்கும்போது, "எங்கியோ பனமட்டை கம்பியில வுழுந்திருக்கும்" என்பார் அப்பா. ஓரிரு நிமிடங்களில் மறுபடியும் மங்கும். "சப்ஸ்டேஷன்ல போட்டுப் பாக்கறாங்க" என்பார். மூன்றாவது முறையும் மங்கினால், மட்டை இன்னும் கம்பியில்தான் கிடக்கிறது என்று பொருள். பழுதானது பக்கத்து ஃபீடர், அதாவது அதே துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் வேறொரு மின்தடம். எங்கள் வீட்டில் மின்சாரம் போவதில்லை, பழுதின் நிழல் மட்டும் விளக்கில் விழுந்து எழுகிறது.

அந்த நிழலைக் கணக்கிடுவதுதான் இன்று என் தொழில். கோவையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில், காற்றாலைகளை மின்தொடரில், அதாவது மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பிகளின் வலைப்பின்னலில், இணைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஆய்வுகளைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எங்கோ ஓர் உயரழுத்தக் கம்பியில் பழுது ஏற்பட்டு, பிரேக்கர் திறந்து அதைத் துண்டிப்பதற்குள் கழியும் நூறு, நூற்றைம்பது மில்லிநொடிகளில் காற்றாலையின் ஜெனரேட்டர் என்ன செய்யும், அதற்கு அடுத்த சில நொடிகளில் என்ன செய்யும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பதுதான் அந்த ஆய்வின் சாரம். இதை அப்பாவிடம் விளக்க முயன்றபோது, "வெளக்கு மங்கறதுக்கு இத்தன படிப்பா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாய் எங்களுடையது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே விட்ட இடைவெளியைத்தான் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகள் அறுவடை செய்கின்றன. கேரளப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் 1990-களில் நிறுவிய 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பது உண்டு. எல்லாம் சேர்ந்தும் 2 மெகாவாட்டைச் சற்றே தாண்டும். இன்று ஒரே காற்றாலை அதைவிடக் கூடுதலாகத் தருகிறது. ஆனால் சிறியவை, பழையவை என்று ஒதுக்கிவிட முடியாது. என் தொழிலில் நான் கற்றவற்றில் பாதி, அந்தத் தலைமுறை எந்திரங்களிடம் கற்றவை.

பழைய காற்றாலையில் இருப்பது சாதாரண இண்டக்ஷன் ஜெனரேட்டர். தோட்டத்துக் கிணற்றில் ஓடும் மோட்டாரின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அதைச் சற்று வேகமாகச் சுழற்றினால் மின்சாரத்தை வாங்குவதற்குப் பதில் கொடுக்கத் தொடங்கும். 50 ஹெர்ட்ஸ் தொடரின் வேகத்தை விடச் சுமார் ஒரு சதவீதம் மிகுந்த வேகத்தில் அது சுழல்கிறது. அந்த ஒரு சதவீத நழுவல்தான் அதன் உயிர். காந்தப்புலத்தை உண்டாக்க அதற்குத் தொடரிலிருந்து, வேலை எதுவும் செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் பவர் வேண்டும். அந்தக் கடனைக் குறைப்பதற்காக ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் கப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள்.

மின்னழுத்தம் சரியும்போது நடப்பதைத் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். ஜெனரேட்டர் தரக்கூடிய மின்காந்த முறுக்குவிசை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் 15 சதவீதத்துக்கு வீழ்ந்தால் முறுக்குவிசை 0.0225 மடங்காகிவிடும், அதாவது ஏறத்தாழ நாற்பத்து நான்கில் ஒரு பங்கு. காற்றுக்கோ இது எதுவும் தெரியாது, அது இறக்கைகளை முன்போலவே தள்ளிக்கொண்டிருக்கும். எதிர்ப்பு போய்விட்ட சக்கரம் வேகமெடுக்கிறது. எந்திரம் முழுவதன் நிலைம மாறிலி (சுழலும் நிறையில் சேர்ந்துள்ள ஆற்றல், எந்திரத்தின் முழுத்திறனை எத்தனை நொடிக்கு ஈடுகட்டும் என்ற அளவு) 4 நொடி என்று கொண்டால், முழுச்சுமையில் ஓடும் காற்றாலை நொடிக்கு 12.5 சதவீத வீதத்தில் முடுக்கம் பெறும். 300 மில்லிநொடியில் வேகம் 3.75 சதவீதம் ஏறிவிடும். இவ்வளவுதான் என்றால், வலுவான தொடரில் இணைந்த எந்திரம் பழுது நீங்கியவுடன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.

ஆனால் இறக்கையும் ஜெனரேட்டரும் ஒரே இரும்புத்துண்டு கிடையாது என்பது கதையின் அடுத்த பகுதி. இடையே தண்டும் கியர்பாக்ஸும் இருக்கின்றன. சுமையோடு ஓடும்போது தண்டு முறுக்கேறி நிற்கும், ஈரத்துணியைப் பிழியும்போது கைகளுக்கிடையே ஏறும் முறுக்கைப் போல. மொத்த நிலைமத்தில் பெரும்பங்கு இறக்கைகளிடம் இருக்கிறது; ஜெனரேட்டருக்குள் சுழலும் பகுதியான ரோட்டாரின் பங்கு அரை நொடி அளவுதான். மின்பக்கத்து எதிர்ப்பு திடீரென விலகியதும், முறுக்கேறிய தண்டு தன் ஆற்றலை அந்தச் சிறிய ரோட்டாரின் மீது அவிழ்க்கிறது. முதல் சில கணங்களில் அது, நாம் முன்பு கணக்கிட்ட வீதத்தைப் போல எட்டு மடங்கு வீதத்தில் பாய்கிறது. பிறகு நொடிக்கு ஓரிரு முறை வீதம் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. இரண்டு நிறைகளையும் நடுவில் ஒரு சுருள்வில்லையும் வைத்து மாடல் எழுதாதவர், இந்த ஊசலாட்டத்தைத் திரையில் பார்க்கவே மாட்டார். அவருடைய காற்றாலை எப்போதும் தப்பித்துக்கொண்டே இருக்கும்.

பழுது நீங்கிய பிறகும் ஆபத்து இருக்கிறது. மிகுந்த நழுவலோடு சுழலும் இண்டக்ஷன் ஜெனரேட்டர், மின்னழுத்தம் திரும்பும்போது ரியாக்டிவ் பவரைப் பல மடங்கு இழுக்கும். கப்பாசிட்டர் கொடுப்பதோ அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80 சதவீத அழுத்தத்தில் 64 சதவீதம்தான் கொடுக்கும். நீண்ட ஃபீடரின் கடைக்கோடியில் இருக்கும் காற்றாலைகளுக்கு இது நச்சுச் சுழல்: இழுப்பதால் அழுத்தம் எழ மறுக்கிறது, அழுத்தம் எழாததால் முறுக்குவிசை போதவில்லை, முறுக்குவிசை போதாததால் வேகம் இன்னும் ஏறுகிறது, வேகம் ஏறுவதால் இன்னும் இழுக்கிறது. கணினித் திரையில் இது அழகான வளைவாகத் தெரியும் என்பதாலேயே இளம் பொறியாளர்கள் இதில் மயங்குகிறார்கள். நானும் மயங்கினேன்.

மயங்கிய கதையைச் சொல்கிறேன். எல்லைக்குக் கிழக்கே, 250 கிலோவாட் எந்திரங்கள் பல நிற்கும் ஒரு 22 கிலோவோல்ட் ஃபீடர். அது புறப்படும் துணைமின் நிலையத்தில் ஒரு பதிவுக்கருவி. ஓர் ஆடி மாத மாலையில் தொலைவில் எங்கோ 110 கிலோவோல்ட் கம்பியில் இரண்டு ஃபேஸ்களுக்கிடையே பழுது ஏற்பட்டு, ஐந்து சுழற்சிகளில், அதாவது பத்தில் ஒரு நொடியில், நீங்கிவிட்டது. என் மாடலில் காற்றாலைகள் அனைத்தும் சற்று ஊசலாடிவிட்டு அரை நொடியில் பழைய உற்பத்திக்குத் திரும்பின. பதிவுக்கருவியின் கோட்டிலோ, உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு வரை எழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

மூன்று வாரங்கள் அந்த இடைவெளியோடு மல்லுக்கட்டினேன். தண்டின் விறைப்பைக் குறைத்தேன், நிலைமத்தைக் கூட்டினேன், ஃபீடரின் மின்தடுப்பை உயர்த்தினேன். கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறத்தாழ உட்கார வைத்தும்விட்டேன். ஆனால் அப்படி உட்கார வைத்த எண்கள் எந்த எந்திரத்துக்கும் பொருந்தாதவை. இந்தத் தொழிலில் அதைவிட மோசமான பாவம் வேறில்லை என்பது என் எண்ணம். விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பின்னால் நிரப்பும் பள்ளிக்கூடப் பையனின் வேலை அது.

கடைசியில் நேரில் போனேன். அந்தக் காற்றாலைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனித்து வரும் ஆபரேட்டர் ஒருவர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதனால நின்னுருக்கும்னு நெனைக்கறீங்க அண்ணா?" என்றேன்.

"கரண்டு ஒரு வெட்டு வெட்டுச்சுன்னா பொட்டிக்குள்ள டப்புன்னு சத்தம் வருமுங்க தம்பி. கான்டாக்டர் வுட்டுப்போடும். அப்பறம் நாம போயி ரீசெட் பண்ணோணும்."

கான்டாக்டர் என்பது சுருளில் மின்சாரம் ஓடும் வரை இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு காந்தச் சுவிட்ச். சுருளுக்குக் கிடைக்கும் அழுத்தம் பாதி அளவுக்குக் கீழே போனால், ஓரிரு சுழற்சிகளுக்குள் அது பிடியை விட்டுவிடும். கப்பாசிட்டர்களை இணைப்பதும் அதுதான், கட்டுப்பாட்டுப் பெட்டியின் துணைச் சுற்றுகளை இணைப்பதும் அதுதான். ஆனால் பாதி எந்திரங்களோ எல்லா எந்திரங்களுமோ நிற்காமல், மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நின்றது ஏன்? அன்று பிற்பகல் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தோம். அந்த எந்திரங்களை நிறுவிய எலக்ட்ரீஷியன்கள், சுருளுக்கான கம்பியை ஒவ்வொரு பெட்டியிலும் கைக்கு எட்டிய ஃபேஸில் இணைத்திருந்தார்கள். பழுது வந்த மாலையில் இரண்டு ஃபேஸ்கள் ஆழமாகச் சரிந்தன, ஒன்று பெரும்பாலும் நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்து நின்ற ஃபேஸில் சுருளை வைத்திருந்தவை பிழைத்துக்கொண்டன.

என் மாடலில் ஃபேஸ் என்ற ஒன்றே கிடையாது. பெரிய தொடர்களை ஆராயும் வழக்கமான மென்பொருள்கள், மூன்று ஃபேஸ்களையும் சேர்த்து நேர்வரிசைக் கூறு என்ற ஒற்றை அளவாக மாற்றிக்கொண்டு, சில மில்லிநொடிக்கு ஒரு முறை அடியெடுத்து வைக்கின்றன. ஆயிரக்கணக்கான பஸ்களை, அதாவது மின்தடங்கள் சந்திக்கும் முனைகளை, கொண்ட தென்னகத் தொடரை ஒரு மடிக்கணினியில் ஓட்ட முடிவது அந்தச் சுருக்கத்தால்தான். 1929-இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் பார்க் காட்டிய வழியில், சுழலும் அச்சில் நின்று பார்த்தால் மாறுதிசை மின்னோட்டம் அசையாத எண்ணாகிவிடும். மின்பொறியாளர்களின் வாழ்வை அதைப் போல எளிதாக்கிய தந்திரம் குறைவு. ஆனால் கான்டாக்டர் அந்த அச்சில் உட்கார்ந்திருப்பதில்லை, அது இரும்புப் பெட்டிக்குள் ஏதோ ஒரு ஃபேஸில் உட்கார்ந்திருக்கிறது.

புதிய எந்திரங்களின் கதை வேறு. மத்திய மின்சார ஆணையத்தின் தொடர் இணைப்பு விதிகளில் 2013-இல் வந்த திருத்தம், அதன்பின் 66 கிலோவோல்ட் அல்லது அதற்கு மேல் இணையும் காற்றாலைகள், அழுத்தம் 15 சதவீதத்துக்கு வீழ்ந்தாலும் 300 மில்லிநொடி தாங்கி நிற்க வேண்டும் என்றும், 3 நொடிக்குள் அது 85 சதவீதத்துக்கு ஏறும் வரை தொடரை விட்டு விலகக் கூடாது என்றும் வகுத்தது. அழுத்தம் மிகும்போது எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதை 2019 திருத்தம் சேர்த்தது. காற்றாலைகள் சிறுபான்மையாக இருந்த காலத்தில், பழுது என்றால் முதலில் விலகிக்கொள்ளுங்கள் என்பதே எங்கும் வழக்கமாக இருந்தது. காற்று மின்சாரம் பெருகியதும் அந்த நாகரிகமே ஆபத்தாக மாறியது. ஒரே நேரத்தில் எல்லோரும் எழுந்து போய்விட்டால் பந்தியில் பரிமாற ஆள் இருக்காது.

இந்த விதிக்குப் பணிவதற்குப் புதிய எந்திரங்கள் கையாளும் உத்திகளே சிமுலேஷனைக் கடினமாக்குகின்றன. இருமுனை ஊட்டல் வகையில், ரோட்டாருக்கு, அதிர்வெண்ணை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் என்ற மின்னணுக் கருவி வழியாக மின்சாரம் போகிறது. அந்தக் கன்வெர்ட்டரின் திறன் எந்திரத்தின் திறனில் ஏறத்தாழ 30 சதவீதம்தான். பழுதுக் கணத்தில் ரோட்டாரில் பொங்கும் மின்னோட்டம் அதை எரித்துவிடக்கூடும் என்பதால், குரோபார் என்ற தடையைக் குறுக்கே போட்டுக் காப்பாற்றுகிறார்கள். குரோபார் விழுந்த கணம் முதல் அது விலகும் வரை, அத்தனை விலையுள்ள நவீன எந்திரம், பழைய இண்டக்ஷன் ஜெனரேட்டராகவே நடந்துகொள்கிறது. எந்த மின்னோட்டத்தில் விழும், எத்தனை மில்லிநொடி கழித்து விலகும் என்ற இரண்டு எண்கள் தவறாக இருந்தால், மற்ற நூறு எண்கள் சரியாக இருந்தும் பயனில்லை.

முழுக் கன்வெர்ட்டர் வகையில் ஜெனரேட்டர் தொடரை நேராகப் பார்ப்பதே இல்லை. தொடர் காண்பது கன்வெர்ட்டரை மட்டும். கன்வெர்ட்டர் செய்வது, அதன் நிரல் சொல்வதை மட்டும். அழுத்தத்தின் கோணத்தைப் பின்தொடரும் பிஎல்எல் என்ற கட்டுப்பாடு அதன் கண். வலுவான தொடரில் அந்தக் கண் தெளிவாகப் பார்க்கிறது. குறுக்குச்சுற்றுத் திறன் குறைந்த, அதாவது தொடர் வலுவற்ற இடத்தில், தான் செலுத்தும் மின்னோட்டமே தான் அளக்கும் அழுத்தத்தை அசைப்பதால், அது தன் நிழலையே துரத்தத் தொடங்குகிறது. இதைப் பார்க்க, மில்லிநொடி அடிகள் போதா. ஹெர்மன் டோம்மெல் 1969-இல் வகுத்த வழியில், மூன்று ஃபேஸ்களையும் அலை வடிவிலேயே வைத்துக்கொண்டு, 50 மைக்ரோநொடி அளவிலோ அதற்கும் நுணுக்கமாகவோ கணக்கிடும் மின்காந்த மாறுநிலைச் சிமுலேஷன் தேவைப்படுகிறது. பத்து நொடிச் சம்பவத்தைக் கணக்கிட ஓர் இரவு போய்விடும். நான் முறுக்குக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் இரவுகள் அவை.

அந்த நுணுக்கமான மாடலை நாங்கள் எழுதுவதில்லை என்பதுதான் சிக்கல். காற்றாலை தயாரிப்பாளர் அதைப் பூட்டிய பெட்டியாகத் தருகிறார்; உள்ளே அவருடைய உண்மையான நிரலே இருக்கிறது, ஆனால் பார்க்க முடியாது. இதற்கு மாற்றாக, எல்லோரும் படிக்கக்கூடிய பொது மாடல்களை ஐஇசி என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61400-27 தரநிலை 2015-இல் வகுத்தது. 2020-இல் அது இரண்டாகப் பிரிந்து, மாடல்களுக்கு ஒரு பகுதியும் அவற்றைச் சரிபார்ப்பதற்கு ஒரு பகுதியும் வந்தன. சரிபார்ப்புக்குத் தனி இடம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. கன்டெய்னர் ஒன்றில் ரியாக்டர்கள் என்ற பெரிய மின்சுருள்களைக் கொண்டுவந்து, உண்மையான காற்றாலைக்கு முன்னால் வேண்டுமென்றே அழுத்தத்தைச் சரியவைத்து, அளந்த கோட்டையும் மாடலின் கோட்டையும் ஒப்பிடுவார்கள். அந்தச் சோதனையில் தோற்ற மாடலைப் பார்த்திருக்கிறேன். தயாரிப்பாளரின் பொறியாளர் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சோதனையும் ஒரு சரிவைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று, சூறாவளிக் காற்று மின்கோபுரங்களைச் சாய்த்தபோது, இரண்டு நிமிடங்களுக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்தது. ஒவ்வொரு சரிவும் தனித்தனியே பார்த்தால் தாங்கக்கூடியதுதான். ஆனால் பல காற்றாலைகளின் நிரலில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைதான் தாங்குவேன் என்று ஓர் எண்ணிக்கை வரம்பு இருந்தது. வரம்பைத் தொட்டதும் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் உற்பத்தியைக் குறைத்தன. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. குறை முழுவதும் விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பின் மேல் விழ, அதுவும் அறுந்து, மாநிலம் முழுவதும் இருண்டது. சுமார் 8,50,000 இணைப்புகள். அந்த வரம்பு, தொடரை இயக்கியவர்களுக்கு அதற்கு முன் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் கையில் இருந்த மாடல்களிலும் அது இல்லை. நிகழ்வுக்குப் பின் அந்த எண்ணை மாற்றியமைத்தார்கள்.

அந்த நிகழ்வைப் பற்றிய அறிக்கையைப் படித்த இரவில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் கூடத்து விளக்குதான். பனைமட்டை கம்பியில் கிடக்கும் வரை, போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சரிவு. நான் அதுவரை எழுதிய ஆய்வு ஒவ்வொன்றிலும் ஒரு பழுது, ஒரு சரிவு, ஒரு மீட்சி என்றே இருந்தது. இத்தனை ஆண்டுகள் மூன்று முறை மங்கும் விளக்கைப் பார்த்து வளர்ந்தவன், கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒரே முறை மங்கும் உலகத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் கணவாயில் இப்போது கன்வெர்ட்டர்களும் கூடியிருக்கின்றன. புகலூரிலிருந்து திருச்சூருக்கு, 320 கிலோவோல்ட் நேர்மறை, எதிர்மறை அழுத்தங்களில் 2,000 மெகாவாட் கொண்டுபோகும் நேர்திசை மின்தடம் 2021-இல் வந்தது. அதுவும் காற்றாலைக் கன்வெர்ட்டரின் குடும்பத்தைச் சேர்ந்ததே, மிகப் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். ஒரு பழுது வந்தால் காற்றாலையின் நிரலும் இந்தத் தடத்தின் நிரலும் ஒரே கணத்தில் ஒரே அழுத்தத்தைப் பார்த்துத் தனித்தனியே முடிவெடுக்கும். பழைய இரும்பு எந்திரங்கள் இயற்பியலுக்கு மட்டும் கட்டுப்பட்டவை. அவற்றோடு பேசுவது எனக்கு எளிதாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சென்ற ஆண்டு, எல்லைக்கு இருபுறமும் உள்ள தொடரைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஓர் ஆய்வில், காற்றாலை தயாரிப்பாளர்கள் மூவருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: தொடர்ந்து எத்தனை சரிவுகளை, எவ்வளவு நேரத்துக்குள், உங்கள் எந்திரம் தாங்கும்? ஒருவர் இரண்டு நாளில் இரண்டு எண்களையும் அனுப்பினார். இன்னொருவர் நான்கு மாதம் கழித்து, அப்படி வரம்பு ஏதும் இல்லை, ஆனால் குரோபார் தடை சூடேறினால் நின்றுவிடும் என்று எழுதினார். அது வரம்பு இல்லாமல் வேறு என்னவென்று எனக்கு விளங்கவில்லை. மூன்றாமவர், அது வணிக ரகசியம் என்றார். அறிக்கையின் பின்னிணைப்பு அட்டவணையில் அவருக்குரிய கட்டத்தில் "தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டு, மட்டை கம்பியிலேயே கிடக்கும் நிலையை வைத்து, சிமுலேஷனை இரண்டு முறை ஓட்டினேன். வரம்பு இல்லை என்று கொண்ட ஓட்டத்தில் அவருடைய காற்றாலைகள் எல்லாச் சரிவுகளையும் தாங்கி நிற்கின்றன. முதலாமவர் சொன்ன எண்ணையே அவருக்கும் வைத்த ஓட்டத்தில், நான்காவது சரிவில் அத்தனையும் ஒன்றாக நிற்கின்றன. இரண்டு வரைபடங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு அனுப்பியிருக்கிறேன்.